ஹேண்டிகேப் சாம்பியன்ஷிப்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஓட்டக் கிளப்பின் ஹேண்டிகேப் கணக்கைப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்து சில சீசன்கள் ஆகின்றன. ஒவ்வொரு ரேஸுக்கு முன்னாலும் யாராவது வார்ம்-அப் செய்துகொண்டே பக்கத்தில் வந்து ஒரு சந்தேகம் கேட்பார். அடுத்த ரேஸில் அதையே இன்னொருவர் கேட்பார். கேட்டவர்கள் வாயில் வந்தபடியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளிதானவை முன்னால், என்னைத் தலையைச் சொறிய வைத்தவை பின்னால்.

ஹேண்டிகேப் ரேஸ்னா என்ன? எல்லாரும் ஒண்ணாத்தானே கிளம்பணும்?

வழக்கமான பந்தயத்தில் எல்லாரும் ஒன்றாகக் கிளம்பி முன்பின்னாக வந்து சேர்கிறார்கள். இங்கே முன்பின்னாகக் கிளம்பி ஒன்றாக வந்து சேர வேண்டும், அதுதான் திட்டம். மெதுவாக ஓடுபவர் முதலில் கிளம்புவார், ஆக வேகமானவர் கடைசியில். முடிவுக் கோட்டை முதலில் தாண்டுபவருக்கே முதலிடம். அதற்கு மேல் கழித்தல் கூட்டல் ஒன்றும் கிடையாது.

இது நாங்கள் கண்டுபிடித்ததல்ல. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஸ்டாவெல் என்ற ஊரில் 1878இல் தொடங்கிய 'ஸ்டாவெல் கிஃப்ட்' இப்படிப்பட்டதுதான். 120 மீட்டர் ஓட்டம் என்பதால் அங்கே நேரத்துக்குப் பதில் தூரத்தில் சலுகை: சிலர் சில மீட்டர் முன்னால் நின்று கிளம்புவார்கள். கலிஃபோர்னியாவில் 1905இல் தொடங்கிய 'டிப்சீ' மலைப்பாதை ஓட்டத்தில் வயதையும் ஆண், பெண் என்பதையும் வைத்துச் சிலரை முன்கூட்டியே அனுப்புகிறார்கள். 8 வயதுச் சிறுமியும் 72 வயதுக்காரரும் அதில் முதலிடம் பிடித்திருக்கிறார்கள்.

ஹேண்டிகேப்னு பேர் இருக்கே, மாற்றுத்திறனாளிகளுக்கான ஓட்டமா?

இல்லை. எல்லாரும் ஓடலாம். அந்தச் சொல் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பொருள்களை மாற்றிக்கொள்ளும் ஒரு விளையாட்டிலிருந்து வந்தது. இரண்டு பொருள்களுக்கும் மதிப்பில் எவ்வளவு வித்தியாசம் என்று நடுவர் சொல்வார். ஆடுபவர்கள் தொப்பிக்குள் கைவிட்டுத் தங்கள் சம்மதத்தையோ மறுப்பையோ தெரிவிப்பார்கள். 'ஹேண்ட் இன் கேப்', தொப்பிக்குள் கை. பிறகு அது குதிரைப் பந்தயத்துக்குப் போனது. நல்ல குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றிச் சமன் செய்வதற்கு அந்தப் பெயர். உடற்குறையைக் குறிக்கும் பொருள் அதற்கெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

நான் எத்தனை மணிக்குக் கிளம்பணும்னு எப்படி முடிவு பண்றீங்க?

ஒவ்வொருவருக்கும் ஓர் 'எதிர்பார்ப்பு நேரம்' வைத்திருக்கிறோம். இந்தத் தூரத்தை நீங்கள் நன்றாக ஓடினால் எவ்வளவு ஆகும் என்ற மதிப்பீடு. பட்டியலில் ஆக அதிக நேரம் யாருடையதோ அவர் கடிகாரத்தில் 0:00 காட்டும்போது கிளம்புவார். மற்றவர்கள் தங்களுக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் அளவுக்குக் காத்திருக்க வேண்டும்.

5 கி.மீ. ரேஸில் மூன்று பேர் என்று வையுங்கள். அவர்களுடைய எதிர்பார்ப்பு நேரம் 36:00, 28:30, 21:00. முதலாமவர் 0:00க்கும், இரண்டாமவர் 7:30க்கும், மூன்றாமவர் 15:00க்கும் கிளம்புவார்கள். மூவரும் சொல்லிவைத்தாற்போல் ஓடினால் கடிகாரம் 36:00 காட்டும்போது மூன்று பேரும் கோட்டில் நிற்பார்கள். இரண்டாமவர் 35:10க்கே வந்துவிட்டார் என்றால், அதிலிருந்து 7:30ஐக் கழித்துக்கொள்ளுங்கள். அவர் உண்மையில் ஓடியது 27:40. ஐம்பது விநாடி முன்னேற்றம். இந்த மூன்று பேரையும் கீழேயும் உதாரணத்துக்கு இழுப்பேன், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் நேரத்தை 15 விநாடிக்கு முழுமையாக்கிக்கொள்கிறோம். இல்லாவிட்டால் பெயரைக் கூப்பிடுபவர் மூச்சுவிட முடியாது.

நான் புது மெம்பர். என் டைமிங் எனக்கே தெரியாதே?

பரவாயில்லை. முதல் இரண்டு ரேஸில் உங்களுக்குத் தற்காலிக நேரம் தருவோம். பயிற்சியில் யாரோடு சேர்ந்து ஓடுகிறீர்கள் என்று பார்த்தாலே ஓரளவுக்குப் பிடிபடும். அந்த இரண்டு ரேஸுக்கும் புள்ளி கிடையாது. ஓடிய நேரம் மட்டும் கணக்கில் ஏறும். மூன்றாவது ரேஸிலிருந்து நீங்கள் முழுப் போட்டியாளர்.

இது கஞ்சத்தனம் இல்லை. புதிதாக ஓட வருபவர்கள் முதல் சில மாதங்களில் மடமடவென்று முன்னேறுவார்கள். அந்த வேகத்துக்கு எந்த மதிப்பீடும் ஈடு கொடுக்காது.

லேட்டா வந்தா? அவசரத்துல முன்னாடியே கிளம்பிட்டா?

கடிகாரம் யாருக்காகவும் நிற்காது. தாமதமாக வந்தால் வந்தவுடன் கிளம்பலாம், ஆனால் உங்கள் நேரம் பட்டியலில் உள்ள நொடியிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும். முன்னதாகக் கிளம்பிவிட்டால் அன்றைக்குப் புள்ளி இல்லை.

என் வாட்ச்ல 5.12 கி.மீ. காட்டுதே?

எல்லாருடைய வாட்ச்சும் ஏதோ ஒன்றைக் காட்டும். ஜிபிஎஸ் வளைவுகளிலும் மரநிழலிலும் கொஞ்சம் தடுமாறும். எல்லாரும் ஒரே பாதையில்தான் ஓடினீர்கள், பாதையின் நீளம் எல்லாருக்கும் ஒன்றே. பாதை கொஞ்சம் நீண்டிருந்தாலும் என்ன செய்வோம் என்பதை மேட்டுப் பாதை பற்றிய கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

பாயின்ட்ஸ் எப்படி? பத்து ரேஸும் ஓடியே ஆகணுமா?

சீசனுக்கு 10 ரேஸ், அதில் உங்களுடைய சிறந்த 6 மட்டும் கணக்கு. முதலில் வருபவருக்கு 30 புள்ளி, அடுத்தவருக்கு 29 என்று இறங்கும். முப்பதாவது ஆளுக்கு 1, அவருக்குப் பின்னால் வருபவர்களுக்கும் ஆளுக்கு 1. ஆக, ஒருவர் அதிகபட்சம் எடுக்கக்கூடியது 180. அதை யாரும் எடுத்துவிட்டால் கணக்குப் பார்க்கிற ஆளை மாற்ற வேண்டும் என்று அர்த்தம்.

சமநிலை வந்தால் ஏழாவது சிறந்த ரேஸைப் பார்ப்போம், பிறகு எட்டாவதை. நிறைய ரேஸுக்கு வந்தவருக்கு அனுகூலம், அது வேண்டுமென்றே வைத்ததுதான்.

வாலண்டியரா நின்னா என் ரேஸ் போயிடுமே?

போகாது. ஒரு ரேஸில் வேலை பார்த்தால், சீசன் முடிவில் உங்களுடைய மற்ற ரேஸ்களின் சராசரிப் புள்ளியை அந்த ரேஸுக்குத் தருவோம். சீசனுக்கு ஒரு தடவை மட்டும். நேரம் பார்க்க ஆள் கிடைக்காமல் நான் அலைந்த காலத்துக்குப் பிறகு வந்த விதி இது. இப்போது ஆள் அதிகமாகி வரிசையில் நிற்கிறார்கள்.

ஒவ்வொரு ரேஸுக்கு அப்புறமும் என் நேரத்தை ஏன் மாத்துறீங்க?

மாற்றாவிட்டால் முதல் ரேஸில் வென்றவரே பத்து ரேஸும் வெல்வார். விதி இரண்டே வரி. எதிர்பார்த்ததைவிட வேகமாக ஓடினால், ஓடிய நேரமே புதிய எதிர்பார்ப்பு நேரம். மெதுவாக ஓடினால், வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் கூட்டுவோம், அதுவும் 30 விநாடிக்கு மேல் போகாது. நம் 28:30காரர் 27:40 ஓடினார் அல்லவா, அடுத்த ரேஸில் அவர் 27:40. நம் 21:00காரர் சோர்ந்துபோய் 22:30 ஓடினால் அவருக்கு 21:30.

ஏறுவது மெதுவாக, இறங்குவது வேகமாக. இதனால் எதிர்பார்ப்பு நேரம் என்பது உங்கள் சராசரி ஆகாது, உங்கள் நல்ல நாளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஒரு நாள் புலியாகவும் மறுநாள் பூனையாகவும் ஓடுபவர்களுக்கு இது கொஞ்சம் கடுமைதான், ஒப்புக்கொள்கிறேன். சீராக ஓடுபவர்களுக்குச் சாதகம். இரண்டு பக்கமும் சமமாக மாற்றிப் பார்த்த சீசனில் வந்த புகார்கள் இதைவிட அதிகம்.

வேணும்னே ரெண்டு ரேஸ் மெதுவா ஓடிட்டு மூணாவதுல பிடிச்சா?

எல்லாரும் இதைச் சிரித்துக்கொண்டேதான் கேட்கிறார்கள். மேலே சொன்ன 30 விநாடி வரம்பு முதல் பூட்டு. ஒரு நிமிடம் சம்பாதிக்க இரண்டு ரேஸைப் பலி கொடுக்க வேண்டும். ஆனால் 10இல் 4 ரேஸ் கணக்கில் வராது என்பதால், பொறுமைசாலி ஒருவர் நான்கையும் பலி கொடுத்து இரண்டு நிமிடம் சேர்த்துவிட முடியும். அதனால் இரண்டாவது பூட்டு: கடந்த 12 மாதத்தில் நீங்கள் ஓடிய சிறந்த நேரத்தைவிட 5 சதவீதத்துக்கு மேல் உங்கள் எதிர்பார்ப்பு நேரம் ஏறாது. சிறந்த நேரம் 25:00 என்றால் 26:15தான் எல்லை.

மூன்றாவது பூட்டு, வெளியே ஓடும் பந்தயங்கள். வேறு எங்காவது நல்ல நேரம் ஓடினால் அதையும் எடுத்துக்கொள்வோம். படத்தோடு பதக்கத்தைப் பகிர்ந்துவிட்டு எங்களிடம் சொல்ல மறந்துபோனவர்கள் இருக்கிறார்கள். எல்லாம் கண்ணில் படத்தான் செய்கிறது.

5 கி.மீ.ல எனக்கு பத்து நிமிஷம் முன்னாடி விட்டீங்க. 10 கி.மீ.லயும் அதேதானா?

இல்லை, தூரம் கூடினால் இடைவெளியும் கூடும். இதற்கு பீட்டர் ரீகல் 1977இல் வெளியிட்ட சூத்திரத்தைப் பயன்படுத்துகிறோம்: பழைய நேரத்தை, புதிய தூரத்துக்கும் பழைய தூரத்துக்கும் உள்ள விகிதத்தின் 1.06ஆம் அடுக்கால் பெருக்க வேண்டும். தூரம் இரட்டிப்பானால் நேரம் ஏறக்குறைய 2.085 மடங்கு. 5 கி.மீ.க்கு 30:00 எடுப்பவர் 10 கி.மீ.க்கு 62:33 எடுப்பார். 20:00 எடுப்பவர் 41:42. பத்து நிமிட இடைவெளி 20:51 ஆகிவிடுகிறது.

ஒரு குறை உண்டு. இரண்டு தூரத்துக்கும் ஒரே அளவு பயிற்சி செய்திருக்கிறீர்கள் என்று அந்தச் சூத்திரம் நம்புகிறது. 5 கி.மீ. தாண்டி ஓடியே பழகாதவருக்கு அது தரும் நேரம் கொஞ்சம் கனவுதான். அப்படிப்பட்டவர்கள் வந்து சொன்னால் முதல் நீண்ட ரேஸில் கையால் சற்றுத் தளர்த்துவோம்.

மேட்டுப் பாதையில ஓடிட்டு மெதுவாயிட்டேன்னு சொன்னா எப்படி?

சொல்ல மாட்டோம். ஒவ்வொரு ரேஸுக்குப் பிறகும், ஓடிய நேரத்தை எதிர்பார்ப்பு நேரத்தால் வகுத்து ஆளுக்கு ஒரு விகிதம் எடுப்போம். எல்லா விகிதங்களையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்தான் அன்றைய பாதையின் எண். சராசரி எடுப்பதில்லை, ஒருவர் கால் பிசகி நடந்து வந்தால் சராசரி கெட்டுவிடும், நடு எண் அசையாது. மேடு, வெயில், எதிர்காற்று, பாதையின் நீளம் எல்லாம் இந்த ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடும்.

அன்றைய எண் 1.04 என்று வையுங்கள். 28:30காரரிடம் எதிர்பார்க்க வேண்டியது 29:38. அவர் 29:20 ஓடியிருந்தால், பார்வைக்கு மெதுவாகத் தெரிந்தாலும் அது முன்னேற்றம். 29:20ஐ 1.04ஆல் வகுத்து 28:12 என்று குறித்துக்கொள்வோம். அதன் பிறகுதான் மேலே சொன்ன மாற்றும் விதி வேலை செய்யும்.

அப்போ கஷ்டமான நாள்ல யாருக்கு லாபம்?

கடைசியில் கிளம்புபவர்களுக்கு. நிறைய பேர் இதை நம்ப மறுப்பார்கள், கணக்குப் போட்டுக் காட்டினால்தான் நம்புவார்கள். 4 சதவீதம் கஷ்டமான பாதையில் 36:00காரர் 37:26க்கு வருவார். 21:00காரருக்கு 21:50 ஆகும். அவர் கிளம்பியது 15:00க்கு என்பதால் கடிகாரத்தில் 36:50. இருவரும் ஒரே அளவுதான் கஷ்டப்பட்டார்கள், ஆனால் வேகமானவர் 36 விநாடி முன்னால் இருக்கிறார். நீண்ட நேரம் பாதையில் இருப்பவரிடம் மேடும் வெயிலும் அதிகமாகப் பிடுங்கிக்கொள்கின்றன.

பழகிய பாதை என்றால் அதன் பழைய எண்ணை முன்கூட்டியே பெருக்கி இடைவெளியை அகலப்படுத்திவிடுவோம். திடீரென்று அடிக்கும் வெயிலுக்கு ஒன்றும் செய்வதில்லை. கோட்டைத் தாண்டிய வரிசையைக் கணக்குப் போட்டு மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

வயசுக்கு ஒரு சலுகையும் இல்லையா?

உங்கள் வயது உங்கள் நேரத்துக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் உங்களோடு போட்டியிடுகிறீர்கள். உங்களுக்கு 60 வயது என்பது உங்கள் எதிர்பார்ப்பு நேரத்துக்கு ஏற்கெனவே தெரியும். டிப்சீ போன்ற பந்தயத்தில் ஓடுபவரின் பழைய நேரத்தைவிட வயதும் பாலினமுமே இடைவெளியைத் தீர்மானிப்பதால், அங்கே கேள்வி வேறு: உன் வயதுக்கு நீ எவ்வளவு நல்ல ஓட்டக்காரர்?

அந்தக் கேள்விக்கு விடை வேண்டுவோருக்காக உலக மாஸ்டர்ஸ் தடகள அமைப்பின் வயதுவாரி அட்டவணையை வைத்து ஒவ்வொருவரின் சதவீதத்தையும் தனிப் பட்டியலாகப் போடுகிறோம். இந்த சாம்பியன்ஷிப்போடு அதைக் கலப்பதில்லை.

கிளப்பிலேயே வேகமானவன் நான். எனக்கு இதுல என்ன இருக்கு?

உண்மையைச் சொல்கிறேன், சாம்பியன் பட்டம் உங்களுக்குக் கிடைப்பது கடினம். எல்லாரும் தங்கள் நேரத்தில் 5 சதவீதம் முன்னேறினார்கள் என்றால் 36:00காரருக்கு அது 1:48, 21:00காரருக்கு 1:03 மட்டுமே. கடிகாரம் விநாடிகளைப் பார்க்கிறது, சதவீதத்தைப் பார்ப்பதில்லை. போதாக்குறைக்கு உங்களுக்கு முன்னேற இடமும் குறைவு. சதவீதத்தை வைத்து வரிசைப்படுத்தலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். கணக்கு நியாயமாக இருக்கும். ஆனால் முதலில் கோட்டைத் தாண்டியவர் முதலாவதா இல்லையா என்று தாளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். அந்தப் பேரத்துக்கு நாங்கள் போகவில்லை.

ஒருவருடைய முன்னேற்றம் அடுத்த ரேஸிலேயே அவருடைய எதிர்பார்ப்பு நேரத்தில் ஏறிவிடுவதால், ஒரு முன்னேற்றத்தை ஒரு தடவைதான் காசாக்க முடியும். உங்களுக்காக அன்றைய உண்மையான வேக நேரத்துக்குத் தனிப் பட்டியல் உண்டு. அப்புறம், பதினைந்து நிமிடம் நின்று உடம்பு ஆறிவிடும். உங்கள் வார்ம்-அப்பை முதல் ஆள் கிளம்பிய பிறகு தொடங்குங்கள்.

மெதுவா ஓடுற எனக்கு முன்னாடி யாருமே இல்லையே, வழி தெரியாம போனா?

நல்ல கேள்வி, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. வழக்கமான பந்தயத்தில் பாதை தெரிந்த பழைய ஆட்கள் முன்னால் போவார்கள். இங்கே ஆகப் புதியவர்தான் முன்னால். அதனால் அம்புக்குறிகளும் திருப்பங்களில் நிற்பவர்களும் முதல் ஆள் கிளம்புவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். 'இன்னும் நேரம் இருக்கு' என்ற பேச்சுக்கு இடமில்லை.

பின்னால் இருந்து நிறைய பேர் முந்துவார்கள். இடது பக்கம் ஒட்டி ஓடுங்கள், காதில் எதையும் மாட்டாதீர்கள். முந்துபவர்கள் குரல் கொடுத்துவிட்டு வலது பக்கமாக முந்த வேண்டும்.

கணக்கு சரியா இருந்தா எல்லாரும் ஒரே நேரத்துல வருவாங்களே, யார் முதல்னு எப்படிப் பார்ப்பீங்க?

அதுதான் எங்கள் தலைவலி. இரண்டு நிமிடத்துக்குள் முப்பது பேர் வந்து விழுவார்கள். கோட்டில் ஒருவர் ஒவ்வொரு ஆளுக்கும் ஸ்டாப்வாட்ச்சை அழுத்துவார், வேறு எதையும் பார்க்க மாட்டார். கோட்டுக்குப் பின்னால் கயிறு கட்டிய ஒற்றையடிப் பாதை. அதற்குள் யாரும் யாரையும் முந்தக் கூடாது. அதன் முனையில் இன்னொருவர் வரிசை எண் எழுதிய வில்லையைக் கையில் கொடுப்பார். மூன்றாவது சாட்சியாக ஸ்டாண்டில் ஒரு கைப்பேசி, கோடும் கடிகாரமும் ஒரே சட்டத்தில் தெரியும்படி வீடியோ எடுத்துக்கொண்டிருக்கும். மூன்றும் ஒத்துப்போகாத நாளில் வீடியோ சொல்வதே முடிவு.

காலில் அடிபட்டு நாலு மாசம் ஓடல. பழைய நேரத்துக்கே ஓடணுமா?

வேண்டாம். மூன்று மாதத்துக்கு மேல் விலகியிருந்தால், காரணம் காயமோ பிரசவமோ வேறு எதுவோ, புது மெம்பர் போலவே திரும்ப வரலாம். ஆனால் புள்ளியில்லாத ரேஸ் இரண்டல்ல, ஒன்று. 5 சதவீத எல்லையும் உங்களுக்குப் பொருந்தாது. காரணத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதும் இல்லை.

எப்படிப் பார்த்தாலும் ஜெயிக்கிறவர் உங்க மதிப்பீடு தப்பானதாலதானே ஜெயிக்கிறார்?

ஆமாம். இதைக் கேட்டவருக்கு அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மதிப்பீடு கச்சிதமாக இருந்தால் எல்லாரும் ஒன்றாக வருவார்கள், வெற்றி என்று ஒன்று இருக்காது. யாருடைய நேரத்தை நான் அதிகமாகத் தவறாகக் கணித்தேனோ அவர்தான் முதலில் வருகிறார். ஆனால் ஏன் தவறாயிற்று என்று பாருங்கள்: அவர் அதிகாலையில் எழுந்து ஓடியது என் தாளுக்குத் தெரியாது. போன ரேஸ்வரை இருந்த ஆளைத்தான் நான் கணித்தேன், கோட்டுக்கு வந்தது வேறு ஆள். என் கூட்டல் கழித்தலில் வரும் பிழை மட்டும் இந்த வகையில் சேராது.

உங்க கூட்டல்லயே தப்பு வந்தா?

வந்திருக்கிறது. ஒருமுறை ஒருவருக்கு 7:30 என்பதை 6:30 என்று எழுதிவிட்டேன். அவர் ஒரு நிமிடம் முன்னதாகக் கிளம்பி, முதலாவதாக வந்து, எல்லாரும் கைதட்டி, படமும் எடுத்தாகிவிட்டது. வீட்டுக்கு வந்து தாளைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒரு நிமிடத்தைக் கூட்டி அவரை ஒன்பதாவது இடத்துக்கு இறக்கினேன். தவறு என்னுடையது, தண்டனை அவருக்கு. இரண்டு ரேஸுக்கு அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அதில் நியாயம் இருந்தது.

இப்போது கிளம்பும் பட்டியலை ரேஸுக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுகிறேன், எதிர்பார்ப்பு நேரம், பாதையின் எண், கழித்தல் எல்லாம் தெரியும்படி. முந்தின நாள் மாலைவரை யார் வேண்டுமானாலும் தப்பைச் சுட்டலாம். அதன் பிறகு பட்டியலில் உள்ளது தப்பாகவே இருந்தாலும் அதுதான் அன்றைய நேரம், கோட்டைத் தாண்டிய வரிசை மாறாது. பட்டியல் போன அரை மணி நேரத்துக்குள் முதல் திருத்தம் வந்துவிடும். பெரும்பாலும் அந்த 7:30காரரிடமிருந்து.